‘இல்லை’ என்று சொல்லாத ஊர்

நம் பிள்ளைகள் கணிப்பொறியில் புகுந்து உலவும் மெய்நிகர் உலகங்களை நாமும் ஓரளவு அறிவோம். 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் லட்சக்கணக்கானோர் கூடினர். அங்கே கடைக்காரர் ஒருவர் நிற்பார். எத்தனை தடவை போனாலும் சொன்னதையே சொல்வார். அவருக்குப் பதிலாகத் தானே யோசித்து நடக்கும் மென்பொருள் மாந்தரைக் குடியேற்றலாமே என்பதுதான் இப்போதைய பேச்சு.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஜூன் சுங் பார்க் முதலிய ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரை. ‘ஸ்மால்வில்’ என்றொரு சிற்றூர், அதில் 25 பேர். கண்டதையும் கேட்டதையும் ஒவ்வொருவரும் நினைவில் சேர்க்கிறார்கள்; நாளைய பொழுதைத் தாமே திட்டமிடுகிறார்கள். காப்பிக்கடை நடத்தும் இசபெல்லாவின் மனதில் காதலர் தின விருந்து என்ற எண்ணத்தை மட்டும் ஆய்வாளர்கள் விதைத்தனர். இரண்டே நாளில் செய்தி அவளையும் சேர்த்து 13 பேருக்குத் தெரிந்துவிட்டது. அழைத்த 12 பேரில் 5 பேர் வந்தார்கள். வராதவர்களில் 3 பேர் வேறு வேலை இருக்குன்னு சாக்குச் சொன்னார்களாம்! பாராட்டத்தக்க வேலைதான்.

ஆனால் ஒரு குறையை ஆய்வாளர்களே குறிக்கிறார்கள். இந்த மாந்தர் அளவுக்கு மீறிப் பணிவானவர்கள். விருந்தில் ஷேக்ஸ்பியர் வாசிக்கலாம், தொழில் அறிமுகக் கூட்டம் நடத்தலாம் என்று ஆளுக்கொன்று சொன்னால், தன் விருப்பத்துக்குப் பொருந்தாவிட்டாலும் இசபெல்லா ‘இல்லை’ என்பதே அரிது. இதைச் சிறு பிழையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. ஊர் என்றால் என்ன என்ற கேள்வி இது. அதனால் நமது தங்கவயலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

1930இல் சுரங்கத் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, வடாற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடிக்கும் என்று தெரிந்தும் இறங்கியவர்கள், ஒரு கட்டைவிரல் ரேகைக்கு மசியவில்லை. ரேகை பதிந்துவிட்டால், ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவன் வேறு பேர் சொல்லி இன்னொன்றில் சேரும் வழி அடைபட்டுவிடுமே. அன்று பதிவு பெற்ற சங்கம் கிடையாது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் என்று லைனுக்கு லைன் பேச்சு பரவியது. ஸ்மால்வில்லிலும் பேச்சு பரவியதுதான், ஆனால் விருந்துக்கு! செய்தி பரவுவதை எண்ணிக் காட்டலாம்; சம்பளம் போனாலும் பரவாயில்லைன்னு எல்லோரும் சேர்ந்து நிற்பதை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. பழைய தங்கவயலை மெய்நிகர் உலகமாகக் கட்ட யாரேனும் முன்வரலாம். சைரன், சயனைடு மலை, லைன் வீடு எல்லாம் தத்ரூபமாக அமையும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த நம்ம பேச்சைக்கூடக் கற்றுக்கொடுத்துவிடலாம். அங்கே குடியேற்றும் மென்பொருள் மாந்தரிடம் முதல் நாளே ஒரு மைப்பெட்டியை நீட்டி, விரலை வைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.