கட்டம் போட்ட மாடித்தோட்டம்

2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. பை, தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்தே வந்தன. ஒரு பிடி மண்ணுக்கும் வழியில்லாத அடுக்குமாடிக்காரர்களைக் கத்தரியும் வெண்டையும் பறிக்கவைத்த நல்ல திட்டம் அது.

பைகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பலர் தாளில் கட்டம் போட்டு விடை தேடுகிறார்கள். அமெரிக்கரான மெல் பார்த்தலோமியோ 1981இல் வெளியிட்ட நூலால் புகழ்பெற்ற முறை இது: நான்கடிச் சதுரப் பாத்தி, அதில் பதினாறு கட்டங்கள். எல்லாச் செடிக்கும் கை எட்டும், விதை வீணாகாது. பாரத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். நனைந்த மண் கன அடிக்கு ஐம்பது கிலோவை நெருங்கும் என்பதால், சென்னைக் கடற்கரையை ஒட்டிய பட்டினப்பாக்கத்தின் பழைய குடியிருப்புத் தளங்களுக்கு இந்தக் கணக்கு மிக அவசியம்.

ஆனால் கட்டத்துக்குப் பருவம் தெரியாது. உயரமான செடிகளை வடக்கே வை என்பது குளிர்நாட்டு விதி. சென்னை இருப்பது 13 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஐந்தடிப் பந்தலின் நண்பகல் நிழல் ஜூனில் தெற்கே ஓரடிகூட நீளாது. டிசம்பரிலோ வடக்கே மூன்றே முக்கால் அடி வரை போகும். அந்த விதி இங்கே வருடம் முழுவதும் செல்லாது. கோடையில் வேண்டியதே நிழல்தான்.

இதைவிடப் பெரிய குறை, கடலைக் கணக்கில் சேர்க்காதது. பட்டினப்பாக்கத்தில் முதலில் பார்க்க வேண்டிய திசை கிழக்கு. கோடைப் பிற்பகலில் எழும் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருந்து, நார்க்கழிவையும் நன்றாக அலசாமல் நிரப்பியிருந்தால், சில வாரங்களில் பையின் வாயோரம் வெள்ளையாக உப்புப் பூக்கும்; இலைநுனி கருகும். பீன்ஸும் வெங்காயமும் முதலில் சோர்ந்துபோகும். பீட்ரூட் ஓரளவு தாங்கும். ஆகவே கிழக்குக் கைப்பிடிச்சுவரை ஒட்டிக் குட்டைச் செடிகள், சுவருக்கு மேல் நிழல்வலை, பந்தல் உள்ளே தள்ளி. குழாய்க்கு அருகிலுள்ள இடம் வெங்காயம் போன்ற உப்புத் தாங்காதவற்றுக்கு. நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்க அங்கேதான் முடியும். மழைநீர் இறங்கும் குழாய் வாயையும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியையும் எந்தக் கட்டமும் மறிக்கக் கூடாது. பொது மாடியில் துணி காயப்போடும் இடத்துக்கும் இது பொருந்தும். சண்டை அங்கிருந்துதான் கிளம்பும்.

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்த சென்னையில், மாடிப் பந்தலை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பிரித்துவிடுவதே சரி. ஆகவே ஆடிப்பட்டத்துக்கு ஒன்று, தைப்பட்டத்துக்கு ஒன்று என இரண்டு வரைபடம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பையின் பெரிய பலமே நகர்த்த முடிவது. கட்டத்துக்குள் அடைத்து அந்தப் பலத்தை வீணாக்குகிறோம். இருவர் சேர்ந்து தூக்கக்கூடிய அளவில் பையைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் இற்றுப்போகுமுன் மாற்றிவிடுங்கள்.