குரோம் ரிம்முக்கு மழை ஆகாது

பழைய எம்டிபி சைக்கிள் வாங்குகிறவர்கள் முதலில் மயங்குவது அதன் குரோம் ரிம்மைப் பார்த்துத்தான். கழற்றிப் போட வேண்டிய முதல் சாமானும் அதுவேதான்.

தொண்ணூறுகளில் வந்த ஒரு எம்டிபியை ஓவராயில் செய்து, சில மாதங்களாக ஆம்பூரைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபிரேமில் ஒரு குறையும் இல்லை. பால்ரஸ், செயின், பிரீவீல் எல்லாம் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைப்பவை. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிரேக்கைப் பற்றி நிறைய இருக்கிறது.

எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லமாட்டேன். ரேஞ்சரா, ஹெர்குலிஸ் எம்டிபியா என்று பள்ளிக்கூட வாசலில் கட்சி பிரிந்து நின்ற தலைமுறை நாங்கள். என் கட்சியை இன்று சொன்னாலும் சண்டைக்கு ஆள் வரும். தவிர, எஃகு ரிம்மில் குரோம் பூசிக் கொடுப்பது அன்று பரவலான வழக்கம். குழியில் விழுந்து வளைந்தாலும் தட்டிக் கோட்டம் எடுத்துவிடலாம், விலையும் குறைவு. காய்ந்த ரோட்டில் பிரேக்கும் சுமாராகப் பிடிக்கும். மழை பெய்தால்தான் வினை. குரோம் வழவழப்பானது; அதன்மேல் தண்ணீர் படலமாக நின்றால் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும்.

ஏலகிரி மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். தூறலில் இறங்கிப் பாருங்கள். லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து அழுத்தினாலும் வண்டி தன் பாட்டுக்கு உருளும். ரிம் பல சுற்று சுற்றி, ஈரம் துடைபட்ட பிறகு திடீரென்று கவ்வும். ஒரு வள்ளலிடம் பிடித்த பிரேக் அடுத்த வள்ளலிடம் போய்த்தான் பிடிக்கிறது.

மலைச் சைக்கிளின் கதையில் ஆரம்பம் முதலே பிரேக் தகராறுதான். 1976-ல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், அப்போதே பழசாகிப்போன கனத்த ஷ்வின் சைக்கிள்களை மண்சாலை இறக்கத்தில் விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக். ஒரே இறக்கத்தில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், திரும்ப ஹப்பைப் பிரித்து அடைக்க வேண்டும். கேரி ஃபிஷரும் ஜோ பிரீஸும் அந்தக் கூட்டத்து ஆட்கள்தான். பழைய ஃபிரேமுக்குப் பொருந்தும் சாமானைத் தேடித் தேடி மாட்டியே அவர்கள் எம்டிபிக்கு வந்து சேர்ந்தார்கள்.

குரோம் ரிம்மின் மழை வழுக்கலுக்கு இங்கிலாந்தில் ஒரு வைத்தியம் இருந்தது. ஃபைப்ராக்ஸ் கம்பெனி ‘ரெயின்சீட்டர்’ என்ற பெயரில் தோல் பதித்த பிரேக் கட்டைகளை விற்றது, குரோம் ரிம்முக்கென்றே. ஆம்பூர் போன்ற தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்காமல் விட முடியுமா? ஷூவின் மேல்தோல் இதற்கு ஆகாது. குரோம் பதனிட்டது, மெத்தென்று இருக்கும். மரப்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல் வேண்டும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டு இந்தப் பக்கமெல்லாம் செய்த வேலை அது, இ.ஐ. எனப்படும் அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடுகூட இருக்கிறது. குரோமியத்தோடு எங்கள் பகுதிக்கு உள்ள பகை வேறு தனிக்கதை. தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் பாலாறு இன்னும் தேறவில்லை.

பட்டைத் தோலில் ஒரு துண்டு வெட்டி ரப்பர் கட்டையின் முகத்தில் பதித்து ஓட்டினேன். ஈரத்தில் ரப்பரைவிட நிச்சயம் மேல், கீச்சுச் சத்தமும் இல்லை. ஆனால் சீக்கிரம் தேய்கிறது, மணல் ஏறிக்கொள்கிறது. ஊர்த் தெருவுக்குச் சரி. ஏலகிரி இறக்கத்துக்கு நம்பமாட்டேன்.

ஆகவே அலுமினிய ரிம்தான். 26 இஞ்ச், 36 ஓட்டை. இதில் ஒரு சங்கடம்: 26 இஞ்ச் என்ற பெயரில் பல அளவுகள் உலவுகின்றன. எம்டிபி டயரின் பக்கவாட்டில் 559 என்று இருக்கும். 26 x 1⅜ என்றால் அது 590, ஒன்றுக்கொன்று சேராது. கடைக்காரர் என்ன சொன்னாலும் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். பழைய ஸ்போக்ஸ் பெரும்பாலும் நீளம் ஒத்துவராது, புதிதாகவே போடுங்கள்.

அடுத்ததில்தான் எனக்கு எரிச்சலே வருகிறது. ஷிமானோ 1996-ல் கொண்டுவந்த வி-பிரேக்கை வாங்கி, பழைய லீவரிலேயே கேபிளை மாட்டித் தருகிறார்கள். வி-பிரேக்குக்குப் பழைய லீவரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கேபிள் இழுப்பு வேண்டும். பழையது அவ்வளவு இழுக்காது. கட்டையை ரிம்மோடு ஒட்டி வைத்தால் வீல் கொஞ்சம் கோணினாலும் உரசும். தள்ளி வைத்தால் லீவர் கைப்பிடியில் முட்டிய பிறகும் பிடிக்காது. லீவரையும் சேர்த்து வாங்காதவர் வி-பிரேக் வாங்கவே வேண்டாம். டிஸ்க் பிரேக் ஆசையும் வேண்டாம். அந்த விசையைத் தாங்க இந்த ஃபோர்க் செய்யப்படவில்லை.

அலுமினிய ரிம், வி-பிரேக், அதற்குரிய லீவர் மூன்றும் சேர்ந்த பிறகு இது வேறு வண்டி. தூறலிலும் நினைத்த இடத்தில் நிற்கிறது. பழசு வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காதீர்கள். ஃபோர்க்கிலும் பின்பக்கத்திலும் பிரேக் கை மாட்டும் முளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.