துண்டுக்குள் பேசும் விரல்கள்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் இரைச்சலுக்குக் குறைவில்லை. கழுத்துமணி, கன்றுகளின் கத்தல், லாரியிலிருந்து இறங்கும் குளம்புகளின் தடதடப்பு. அதற்கு நடுவே இருவர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். விலை விரல்களில் ஓடும். எத்தனை விரலைப் பிடித்தார், எப்படி அழுத்தினார் என்பதில் இருக்கிறது கணக்கு. தரகர் முகத்தில் ஒன்றும் தெரியாது; துண்டு மட்டும் லேசாக அசையும். படியாவிட்டால் கையை உருவிக்கொண்டு, கோபமே இல்லாமல் அடுத்த மாட்டின் பல்லைப் பார்க்கப் போய்விடுவார். விற்க வந்தவரின் நெருக்கடியைப் பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டாமல் மூடிவைக்கிற அந்தப் பழந்துண்டு, எவ்வளவு நாகரிகமான பொருள்!

இந்தச் சந்தையைப் பார்க்கப் போனபோது நான் தங்கியது ஆனைமலைப் பக்கம், ஒரு தென்னந்தோப்பு வீட்டில். இரவெல்லாம் ஓலைகள் உரசுவது மழை போலவே கேட்டது. விடிந்து பார்த்தால் வாசல் காய்ந்து கிடந்தது. சூடான காப்பியைக் கையில் கொடுத்து, “வெயில் ஏறறதுக்கு முந்தியே போயிருங்க கண்ணு” என்றார் வீட்டுக்கார அம்மா. உங்களுக்கும் அதையே சொல்வேன். விடியற்காலையிலேயே போய், ஒரு ஓரமாக நின்று, அந்தத் துண்டுகளைப் பாருங்கள்.