பறவைக் களஞ்சியமும் தமிழ்ப் பாடமும்

தமிழ்ப் பயிற்சித் தாள்களில் பறவைகள் படும் பாடு சொல்லுந் தரமன்று. ஆங்கில மூலத்தில் 'குக்கூ' என்றிருந்தால் ஆராயாமல் 'குயில்' என்று பெயர்த்து விடுவார்கள். 'ராபின்' என்றிருந்தால் வாய்க்கு வந்த பெயரை இட்டு நிரப்புவார்கள். ஆந்தைக்கும் கூகைக்கும் வேற்றுமை காணாமல் இரண்டையும் ஒரே படத்தின் கீழ் அடக்குவார்கள். பறவைச் செய்திகளைச் சரிபார்க்கத் தக்க நூல் பள்ளிகளில் இல்லை என்பதே இதற்கு நெடுநாளாகக் கூறப்பட்டு வந்த காரணம். அக்காரணம் இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. அமெரிக்காவின் இத்தாகா நகரிலுள்ள கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2020 மார்ச்சில் 'பேர்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு' என்னும் உலகப் பறவைக் களஞ்சியத்தை இணையத்தில் வெளியிட்டது. சந்தா செலுத்துவோர் அதனை முழுமையாகப் படிக்கலாம். அதனை எவ்வாறு பயன்கொள்வது, எவ்விடத்தில் ஐயுறுவது என்பதே தமிழாசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இக்களஞ்சியம் ஒரே நாளில் முளைத்ததன்று. ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் லின்க்ஸ் பதிப்பகத்தார் 1992 முதல் 2013 வரை 17 பெருந்தொகுதிகளாக உலகப் பறவைக் கையேடு ஒன்றை வெளியிட்டனர். விலங்குலகில் ஒரு வகுப்பு முழுவதையும், ஓரினம் விடாமல் படத்தோடு விளக்கிய முதல் நூல் அதுவே என்பர். மற்றொரு பக்கம், வட அமெரிக்கப் பறவைகளுக்கு மட்டும் 1992 தொடங்கிப் பத்தாண்டுகள் தனித்தனி வரலாறுகள் எழுதப்பட்டன. இவ்விரண்டும் வேறு சில தொகுப்புகளும் ஒன்றாகக் கலந்ததே இன்றைய களஞ்சியம். ஆகவே ஏறத்தாழ 11,000 பறவையினங்களுக்கும் இதில் இடமுண்டு. பெரியசாமித் தூரன் முன்னின்று 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் போற்றுவோர், இத்தகைய பணிக்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை எளிதில் உணர்வர்.

ஒவ்வொரு பறவைக்கும் தோற்றம், வகைப்பாடு, பரவியுள்ள இடம், வாழிடம், உணவு, குரல், கூடும் குஞ்சும், பாதுகாப்பு நிலை என்னும் பகுப்புகள் உண்டு. நிலப்படம் உண்டு. குரலைக் கேட்கலாம். 1929இலேயே பறவைக் குரலைப் பதியத் தொடங்கிய ஆய்வகம் அது என்பதால் ஒலித்தொகுப்பு மிக வளமானது. அச்சு நூல் எவ்வளவு சிறந்ததாயினும் தர இயலாத உதவி இது.

குயிலையே எடுத்துக்கொள்வோம். ஆசியக் குயிலின் பக்கத்தைத் திறந்தவுடன் இரண்டு வேறு பறவைகளைப் போன்ற படங்கள் எதிர்ப்படும். பளபளப்பான கருநிறமும் சிவந்த கண்ணும் உடையது ஆண். பெடையோ பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள் தெளித்தது. 'கூ' என்று உயர்ந்து உயர்ந்து செல்லும் அந்தப் புகழ்பெற்ற கூவல் ஆணுக்கே உரியது. பெடை எழுப்புவது 'கிக் கிக்' என்னும் விரைந்த ஒலி. தமிழ்க் கவிதை மரபோ பாடும் குயிலைப் பெரும்பாலும் பெண்ணாகவே கண்டது. பாரதியாரின் குயில் பாட்டிலும் பாடுகின்ற குயில் பெண்தான். அதற்காகக் கவிஞரைத் திருத்தப் புகுவது பேதைமை. ஆனால் அறிவியல் பாடத்தில், கரிய குயிலின் படத்தின் கீழே 'பெண் குயில் கூவுகிறது' என்று எழுதுவதற்குக் கவிதை மரபு காப்பாகாது. கவிதை வகுப்பில் கற்பனையாகவும், அறிவியல் வகுப்பில் செய்தியாகவும் ஒரே பறவையை இருமுறை அறிமுகப்படுத்துவது மாணவருக்குக் குழப்பம் தராது, சுவையே தரும்.

ஆங்கிலப் பாட்டில் வரும் 'குக்கூ' வேறு பறவை. அதன் அறிவியற் பெயர் குக்குலஸ் கனோரஸ். ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதிகளிலும் கோடையில் இனம் பெருக்கிக் குளிர்காலத்தில் தெற்கே செல்வது. குயிலோடு ஒரே குடும்பம் என்பதைத் தவிர நெருங்கிய ஒற்றுமை இல்லை. அக்குடும்பத்தில் ஏறத்தாழ 150 இனங்கள் இருக்கின்றன. தானே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் செம்போத்தும் அவற்றுள் ஒன்று. 'குயிற் குடும்பத்துப் பறவைகள் எல்லாம் பிறர் கூட்டில் முட்டையிடுவன' என்று எழுதி வைத்திருப்போர் செம்போத்தின் பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். 'ராபின்' செய்தியும் இத்தகையதே. இங்கிலாந்தின் ராபினும் அமெரிக்காவின் ராபினும் வெவ்வேறு குடும்பத்தன. மலாய்க்காரர் 'முராய்' என்றும் தமிழர் குண்டுக்கரிச்சான் என்றும் அழைக்கும் பறவையின் ஆங்கிலப் பெயரிலும் 'ராபின்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை நம்பி மொழிபெயர்ப்போர் மூன்றையும் ஒன்றாக்கி விடுவர்.

மலேசிய ஆசிரியருக்கு இன்னொரு பயன் உண்டு. குயிலின் பக்கமும் வீட்டுக் காக்கையின் பக்கமும் சேர்த்துப் படிக்கத் தக்கவை. காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்திற்குக் கொண்டுவரப்பட்டது அக்காக்கை. முன்பு குளிர்கால விருந்தாளியாக வந்துபோன குயில், காக்கை பெருகிய பின்னரே தீபகற்பத்தில் நிலையாகத் தங்கி இனம் பெருக்கலாயிற்று. தோட்டத் தொழிலின் வரலாறும் பறவையின் வரலாறும் இவ்வாறு பின்னிக் கிடப்பதை விளக்க ஒரு பாடவேளை போதாது.

கூகையின் கதை இதனினும் நெருக்கமானது. செம்பனைத் தோட்டங்களில் எலியை அடக்கக் கம்பத்தின் மேல் பெட்டி அமைத்துக் கூகையைக் குடியேற்றும் வழக்கம் பலரும் அறிந்தது. இதய வடிவான வெண்முகமுடைய அப்பறவையின் இரையில் பெரும்பங்கு எலிகளே. எனினும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அதனை இன்னும் சாவுக்குறி என்று அஞ்சுகின்றனர். பாடப்படங்களோ அதற்கு ஆந்தையின் குரலை மாட்டிவிடுகின்றன. கூகை அலறுவதன்றி ஆந்தைபோல் 'ஊ ஊ' என்று ஒலிப்பதில்லை. களஞ்சியத்திலுள்ள ஒலிப்பதிவை வகுப்பில் ஒருமுறை ஒலிக்கச் செய்தால், பிள்ளைகள் இரவில் கேட்டு நடுங்கிய குரல் எதனுடையது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் இதே கூகையிடம்தான் களஞ்சியத்தின் இடையூறும் விளங்குகிறது. உலகெங்கும் ஒரே இனம் என்று கருதப்பட்ட டைட்டோ ஆல்பாவை 2024இல் மேற்கு, கிழக்கு, அமெரிக்கம் என மூன்றாகப் பிரித்தனர். மலேசியக் கூகை இப்போது கிழக்கினத்தைச் சேர்ந்தது. அதன் பெயர் டைட்டோ ஜவானிக்கா. சில ஆண்டுகளுக்கு முன் இக்களஞ்சியத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்தவரின் தாள் இன்று அதனோடு ஒத்துப்போகாது. இதில் யாரையும் குறைகூற இயலாது. இன வரையறைகள் ஆய்வோடு மாறுவன. பல்வேறு பட்டியல்களை ஒன்றாக்கும் முயற்சியாக 2025இல் 'ஏவிலிஸ்ட்' என்னும் பொதுப் பட்டியலும் வெளிவந்துள்ளது. எனவே எழுதியவர் பெயர், பதிப்பெண், பார்த்த நாள் ஆகியவற்றைக் குறிக்காமல் 'களஞ்சியம் கூறுகிறது' என்று மட்டும் எழுதுவது பொறுப்பற்ற செயல். பக்கந்தோறும் பதிப்பெண்ணும் நாளும் தரப்பட்டே இருக்கின்றன. பார்ப்பதற்குச் சோம்புவோர்தாம் மிகுதி.

குறை என்று துணிந்து சொல்லத் தக்கது வேறொன்று. பக்கங்களின் அளவு சமமில்லை. வட அமெரிக்கச் சிட்டு ஒன்றுக்கு ஒரு சிறு நூலளவு செய்தி இருக்க, வெப்பமண்டலக் காட்டுப் பறவைக்குச் சில பத்திகளே கிடைக்கின்றன. அங்கே பல காலமாகப் பலர் ஆராய்ந்தனர், இங்கே அவ்வளவு ஆராயவில்லை என்பது பாதிக் காரணம். வட அமெரிக்க வரலாறுகளை அப்படியே ஏற்றுக்கொண்டதும், பிறநாட்டுப் பறவைகளுக்குப் பழைய கையேட்டின் சுருக்கத்தையே அடிப்படையாக வைத்ததும் மீதிப் பாதி. பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தி விரிக்கப்பட்டு வருகின்றன என்பது உண்மை. ஆயினும் நீண்ட பக்கம் நன்கறியப்பட்ட பறவையைக் குறிக்கிறதேயன்றிச் சிறந்த பறவையைக் குறிக்கவில்லை என்பதை மாணவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கட்டணமும் ஒரு தடைதான். எல்லா ஆசிரியரும் தனித்தனியே சந்தா கட்ட வேண்டுவதில்லை. பாடம் எழுதும் குழுவுக்கோ வட்டார ஆசிரியர் கூட்டத்துக்கோ ஒரு சந்தா இருப்பது தகும். அதே ஆய்வகத்தின் 'ஈபேர்ட்' பதிவேடும், குரலைக் கேட்டுப் பறவையைச் சுட்டும் 'மெர்லின்' செயலியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அன்றாட வகுப்புக்கு அவையே போதும்.

இனி, களஞ்சியம் விடையளிக்காத ஒரு வினா. அன்றில் எது? குறுந்தொகையின் 160ஆம் பாட்டு அப்பறவையின் செந்தலையை நெருப்புக்கும், பெடையின் வளைந்த வாயை இறாவுக்கும் ஒப்பிட்டு, உயர்ந்த மரக்கிளையில் அதன் கூட்டைக் காட்டுகிறது. அன்றிலை அரிவாள் மூக்கன்களுள் ஒன்றென்பார் உளர். எந்த அரிவாள் மூக்கன் என்பதில்தான் பூசல். களஞ்சியத்தில் இருவகைப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பளபளப்பான செம்பழுப்பு மேனியுடையது நீர்நிலையில் கூட்டமாக வாழ்வது, தலையில் சிவப்பில்லை. மற்றொன்று கரியது, உச்சி முதல் பிடரி வரை செந்நிற மருக்கள் கொண்டது, உயர்ந்த மரங்களின் உச்சியிலும் பனையிலும் கூடமைப்பது. பாட்டுக்குப் பின்னதே பொருந்துகிறது. ஆயினும் ஓர் இடர் உண்டு. பாட்டு செந்தலையை ஆணுக்கும் வளைவாயைப் பெடைக்கும் பகுத்துச் சொல்வதுபோல் தோன்ற, பறவையியலார் கூறும் அரிவாள் மூக்கனில் இருபாலும் ஒத்த தோற்றமுடையன. புலவர் ஓர் உறுப்பை ஓரிடத்தும் மற்றதை மற்றோரிடத்தும் வைத்துப் பாடினாரா, உரைகாரர் அவ்வாறு பிரித்தனரா என்பதைப் பாட்டின் சொல்லமைப்பைக் கொண்டே ஆராய வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு இத்தாகாவிலிருந்து உதவி வாராது. தமிழாசிரியர்தாம் செய்ய வேண்டும்.