எண்ணப்படாத சாவும் எண்ணிடப்பட்ட உடலும்

மக்கள் நலவாழ்வுத் தகவலியல் என்றொரு துறை. பிறப்பு, நோய், மருந்து, செலவு, சாவு எல்லாவற்றையும் கணினியில் கொட்டி, அதிலிருந்து ஒரு சமூகத்தின் உடல்நிலையைப் படிப்பது அதன் வேலை. இதில் எதை முதலில் ஆராய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று பட்டியல் போடுவதே தனி வேலையாகிவிட்டது. 'முன்னுரிமை' ஏதோ நிர்வாகச் சொல் மாதிரித்தான் தெரியும். யாருடைய சாவு ஒரு கேள்வியாக மாறும், யாருடையது மாறாது என்பதைத் தீர்மானிக்கிற சொல் அது. இதை டாக்டர்கள் விவகாரம் என்று நம்மாட்கள் ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பட்டியல் எப்படித் தயாராகிறது? நலவாழ்வு ஆய்வில் 2007 வாக்கிலிருந்து பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையில், நிபுணர்கள் கேள்விகளை எழுதித் தருகிறார்கள். பிறகு அவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். விடை காண முடியுமா, நடைமுறைக்கு ஆகுமா, நோய்ச்சுமை எவ்வளவு குறையும், சமத்துவத்துக்கு உதவுமா? சமத்துவமும் ஓர் அளவுகோலாக இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோய்ச்சுமை என்கிற எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஏற்கனவே பதிவானதிலிருந்து. பதிவாகாத நோய்க்குச் சுமை இல்லை. சுமை இல்லாததற்கு ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாததைப் பதிய யாருக்கும் தோன்றுவதில்லை. செக்குமாட்டுச் சுற்று.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பதிவாளர் நாயகத்தின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கீழ், 2001-03 காலத்தில் நடந்த 1.23 லட்சம் சாவுகள் பற்றி வீடுவீடாகப் போய் விசாரித்தார்கள். போனவர்கள் மருத்துவர்கள் அல்லர், களப்பணியாளர்கள். 'என்ன ஆச்சு, எத்தனை நாள் கிடந்தாரு, எங்க கொண்டு போனீங்க' என்று வீட்டாரைக் கேட்டு எழுதினார்கள். அதைப் படித்து இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகக் காரணத்தைக் குறித்தார்கள். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். 2011இல் முடிவு வெளியானது: 2005ஆம் ஆண்டில் மட்டும் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 46,000 பேர். ஆஸ்பத்திரிக் கணக்கைப் போல 30 மடங்குக்கும் மேல். செத்தவர்களில் 97 சதவீதம் கிராமத்தார். முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே செத்தவர்கள். அதாவது வயலிலும் வரப்பிலும் வேலை செய்கிற உடல்கள். இத்தனை சாவும் அதற்கு முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது 2017இல். (விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குப் பக்கத்தில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவது. ஊருக்கு ஊர் பாம்பின் விஷம் மாறும். நம் பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தானில் எவ்வளவு கேட்கும் என்ற கேள்வி, அங்கே செத்தவர்கள் கணக்கில் வந்தால்தானே எழும்?)

பதிவாகிவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று கணிக்கும் ஒரு மென்பொருளை 2019இல் சிலர் சோதித்தார்கள். அது நோயை அளக்கவில்லை, செலவை அளந்தது. கறுப்பினத்தவருக்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டு வந்ததால், அவர்களுக்கு நோயும் குறைவு என்று முடிவுகட்டியது. அதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாகிறார்கள். கணினிக்கு நிறவெறி தெரியாது, பில் தெரியும். நம்மூரில் 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதி முடித்துவிட்டால் நெல் அறுத்தவரும் கல் உடைத்தவரும் சாக்கடைக்குள் இறங்கியவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். கல் உடைத்தவரின் நுரையீரலில் படிந்த தூசு காசநோயென்று போய்விடுகிறது. சாதியைக் கேட்டால் அநாகரிகம், கேட்காவிட்டால் விஞ்ஞானம்!

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். 'எண்ணுவதே அதிகாரம்தானே? 1976இல் ஆளைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு செய்ததும் எண்ணிக்கை இலக்கை வைத்துத்தானே?' நியாயமான பயம்தான். 2021இல் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் 70 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அடையாள எண் கொடுத்தாகிவிட்டது. அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு போகும் நோய்க் குறிப்பு நாளைக்கு யார் மேசைக்குப் போகும் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணுவது வேறு, ஆளுக்கு எண் ஒட்டுவது வேறு. அந்த 46,000 சாவுகளைக் கண்டுபிடிக்க ஒருவருக்கும் அட்டை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எண்ணாமல் விடுவதும் அதிகாரத்தின் வேலைதான் என்பதை நாம் ஏன் மறந்துபோகிறோம்?

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல காரியம். தனியார் ஆஸ்பத்திரியும் தெரிவித்தாக வேண்டும். ஆனால் தெரிவிக்க வேண்டியது ஆஸ்பத்திரி. மந்திரிக்கப் போய், வண்டி கிடைக்காமல், பாதி வழியில் செத்தவரை யார் தெரிவிப்பது? நாட்டில் பதிவாகும் சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தவை 2020இல் 22.5 சதவீதம். மிச்சமிருக்கிற முக்கால் பங்குக்கு மேல் காரணம் தெரியாத சாவு. முன்னுரிமைப் பட்டியல் போடுகிறவர்கள் முதல் வரியில் எழுத வேண்டியது இதைத்தான். கையிலிருக்கிற தகவலை வைத்து என்ன செய்யலாம் என்பது அதற்குப் பிறகு வரட்டும். மதிப்பெண் போட உட்காருகிற நிபுணர்களுக்கு நடுவே இருளர் ஒருவரும், அறுப்புக்குப் போகிற பெண் ஒருவரும் உட்காரட்டும். கேள்வியை அவர்களும் எழுதட்டும்.