மேடைக்குத் தேதி குறித்தல்

‘ஒரே மேடையில் விவாதிக்கத் தயாரா?’ என்கிற சவால் நம் தேர்தல் சொல்லாடலில் விவாதத்தின் பதிலியாகவே இயங்குகிறது. 2021 தேர்தலுக்கு முன் எடப்பாடி பழனிசாமியும் மு.க. ஸ்டாலினும் ஊழல் பற்றிப் பேச ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள், மேடை ஏறவில்லை. 2024 மே மாதம் மதன் லோகுர், ஏ.பி. ஷா, என். ராம் மூவரும் மோடிக்கும் ராகுலுக்கும் கடிதம் எழுதினார்கள். ராகுல் ஒத்துக்கொண்டார். பா.ஜ.க. இளைஞரணியோ தன் துணைத் தலைவர் ஒருவரை ராகுலுக்கு எதிராளியாக அறிவித்தது. யார் யாருக்குச் சமம் என்பதே விவாதப்பொருளாகிப்போனது. சபையில் யார் உட்காரலாம், யார் நிற்கணும் என்று நம்ம ஊரில் நடக்கிற பழைய தகராறுதான்.

நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கூத்து. சஜித் பிரேமதாச – அநுர குமார திசாநாயக்க விவாதத்துக்கு 2024 மே, ஜூனில் இரு தரப்பும் தேதி மேல் தேதி கொடுத்தன. தலைவர்கள் முதலிலா, பொருளாதாரக் குழுக்கள் முதலிலா என்று இழுத்து, தலைவர்கள் மோதவேயில்லை. செப்டம்பரில் அநுர ஜனாதிபதியானார்.

கூடுதல் விவாதங்கள் வேண்டும் என்கிற நண்பர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் எது பேசப்படலாம் என்கிற எல்லையை யார் வகுக்கிறார்கள்? ஹேபர்மாஸின் பொதுவெளியை இங்கே இறக்குமதி செய்கிறவர்கள் இராமேஸ்வரம் ஜெட்டியில் ஒருநாள் நின்று பார்க்கலாம். 2024 மார்ச் கடைசியில் மோடி கச்சத்தீவைக் கிளப்பினார். 1974 ஒப்பந்தம் பற்றி எல்லாக் கட்சிக்கும் ஒரு வசனம் இருந்தது. இழுவைமடி பற்றி, நான் கேட்டவரை, பிரச்சாரத்தில் மூச்சில்லை. (வேட்பாளருக்குப் பஞ்சமில்லை, இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே பலர் நின்றார்கள்.) விசைப்படகின் மடி கடலடியை வாரிப்போகிறது, யாழ்ப்பாணத்து மீனவரின் வலையை அறுக்கிறது. பாம்பன் நாட்டுப்படகுக்காரருக்கும் அதே அடி. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. 61 நாள் மீன்பிடித் தடை 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் கட்டிக்கிடந்தன. கேட்க ஆள் கரையிலேயே இருந்தது.

தங்கச்சிமடம் டீக்கடையில் நாட்டுப்படகுப் பெரியவர் ஒருவர் சொன்னார்: “அவுங்க ரெண்டு பேரும் பேசுறது கெடக்கட்டும் தம்பி, எங்க ரெண்டு பேரையும் மொதல்ல பேச விடுங்க.” அவர் கைகாட்டிய இன்னொருவர் பக்கத்து பெஞ்சில் இருந்த விசைப்படகு முதலாளி.

அப்படிப்பட்ட பேச்சு நடக்காமலும் இல்லை. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர்கள் இழுவைமடியை நிறுத்து என்றார்கள். நம்மவர்கள் மூன்று வருஷ அவகாசம் கேட்டார்கள். பேச்சு முறிந்தது. ஆனால் எதைப் பற்றி முறிந்தது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.