பின்னாலிருந்து பார்த்தால் அழகு

முதல் பரிசு ஒரு 1969 கமாரோவுக்குப் போனது. டெட்ராய்ட்டுக்கு வடக்கே, வுட்வர்ட் அவென்யூவை ஒட்டிய ஒரு பார்க்கிங் மைதானத்தில் நடந்த சின்னக் கண்காட்சி அது. பின்னால் 335 மில்லிமீட்டர் டயர், முன்னால் 275. நான்கும் 18 அங்குல வீல். அந்தப் பின் டயரை நுழைப்பதற்காக உள்பக்கத்துத் தகர வளைவை அறுத்து, அகட்டி, வெல்டு வைத்து, வைத்த இடமே தெரியாதபடி தேய்த்திருந்தார்கள். வேலை படுசுத்தம். பரிசைக் கொடுத்தவர் மைக்கில் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “அன்றைய எஞ்சினியர்களுக்கு இந்த டயர் கிடைத்திருந்தால் அவர்களே இதைத்தான் மாட்டியிருப்பார்கள்” என்றார். கூட்டம் கைதட்டியது.

இந்த வாக்கியத்தைப் பத்துப் பதினைந்து வருடமாகக் கேட்டுவருகிறேன். ப்ரோ-டூரிங் என்று பெயர் வைத்துக்கொண்டு, பழைய மசில் காருக்கு அகலச் சக்கரமும் தாழ்ந்த உடம்பும் கொடுக்கிற பாணிக்கு இதுதான் காப்பு மந்திரம். நவம்பர்தோறும் லாஸ் வேகஸில் நடக்கும் சேமா கண்காட்சிக்குப் போனால், அங்கே நிற்கிற பழைய மசில் கார்களில் 14 அங்குல வீலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். அந்தக் காலத்து டயர்கள் மோசம். 1970 ஷெவல் எஸ்எஸ் காரில் எல்எஸ்6 எஞ்சினின் சக்தி 450 குதிரை. அவ்வளவையும் தரையில் இறக்கக் கொடுத்தது F70-14 டயர். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 225 மில்லிமீட்டர், அதுவும் ரேடியல் இல்லை. யானைக்குக் குழந்தைச் செருப்பு போட்ட கதைதான். நல்ல டயர் போட்டால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் குறைகிறது, பெரிய வீலுக்குள் பெரிய டிஸ்க் அடங்குகிறது, 14 அங்குலத்தில் பிடிப்புள்ள டயர் கடையில் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. எல்லாம் உண்மை. வீல் மாற்றுவது புதிய துரோகமும் அல்ல. ஷோரூமிலிருந்து வண்டி வந்த மாதமே க்ரேகர் வீலோ டார்க் த்ரஸ்ட் வீலோ வாங்கி மாட்டிய பையன்களால் வளர்ந்த பிரியம் இது. பின்னாலிருந்து பார்த்தால் அகல டயர் அழகாகவும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

பின் சக்கரத்தோடு எனக்கு வழக்கே இல்லை. அது திரும்பாத சக்கரம். ஆக்சிலைக் குறுக்கி, தகரத்தை அகட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். என் வழக்கு முன் சக்கரத்தோடு. மைதானத்தில் எல்லாரும் காருக்குப் பின்னால் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் முன்பக்கம் போய்க் குந்தி, டயரின் தோளைப் பார்ப்பேன். மட்கார்டு விளிம்பு உரசியிருந்தால் அங்கே பளபளவென்று ஒரு வளையம் விழுந்திருக்கும். உரசாமல் ஓடுகிறது என்று சொந்தக்காரர் சத்தியம் செய்துகொண்டிருப்பார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு 1966 மஸ்டாங் இருக்கிறது. 289 வி8, பவர் ஸ்டியரிங் கிடையாது. டூல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எடுத்த வேலையை அரைகுறையாக விடமாட்டார். அந்த வண்டி 5 அங்குல அகலமுள்ள 14 அங்குல ஸ்டீல் வீலோடு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டு, 17 அங்குலத்தில் 8 அங்குல அகல வீல் வாங்கினார். வெளிப்பக்கம் கிண்ணம்போலக் குழிந்த வீல். அந்தக் குழிவின் மேல்தான் அவருக்கு ஆசை. மாட்டி முடித்த அன்று மாலை சாவியை என்னிடம் கொடுத்து ஒரு சுற்று போய்வரச் சொன்னார்.

வாசலிலிருந்து எடுக்கும்போதே ஸ்டியரிங் ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுகிற மாதிரி கனத்தது. தெருமுனையில் முழுதாக ஒடித்தபோது இடது மட்கார்டுக்குள்ளிருந்து ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். ஐ-75 நெடுஞ்சாலையில் ஏறியதும் இன்னொரு கூத்து: லாரிகள் உழுத தடத்தில் டயர் இறங்கி, அந்தத் தடத்தோடேயே போகப் பார்த்தது. நான் வலதுபக்கம் கொஞ்சம் திருப்ப, சாலை இடதுபக்கம் இழுக்க, இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினோம். திரும்பி வரும்போது ஒரு பள்ளம். மிச்சிகன் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பனி உருகியதும் சாலை அம்மை போட்ட முகம்போல ஆகிவிடும். வலது சக்கரம் அதில் இறங்கிய கணத்தில் ஸ்டியரிங் என் கையை உதறிவிட்டுத் தானே திரும்பியது. கட்டைவிரலைக் கம்பிக்குள் கோத்துப் பிடித்திருந்தால் மளுக்கென்று போயிருக்கும். பழைய 14 அங்குலத்தில் இதே காரை, இதே சாலையில், இரண்டு விரலால் ஓட்டியிருக்கிறேன்.

“பழகிவிடும்” என்றார்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. முன் சக்கரம் ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறது. மேல் பால் ஜாயின்ட்டையும் கீழ் பால் ஜாயின்ட்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்து, அதைத் தரைவரை நீட்டினால் அதுதான் அச்சு. கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர்த் தடத்தின் நடுவுக்கும் உள்ள இடைவெளிக்கு ஸ்க்ரப் ரேடியஸ் என்று பெயர். பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை, அது ஒரு கடப்பாறையின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளமோ, ஒருபக்கம் மட்டும் பிடிக்கிற பிரேக்கோ, அந்தக் கடப்பாறையின் நுனியைப் பிடித்துத்தான் ஸ்டியரிங்கை நெம்புகிறது. இப்போது வீலை அகலப்படுத்துங்கள். உள்பக்கம் கன்ட்ரோல் ஆர்ம், டை ராடு, ஸ்பிரிங் உட்காரும் தகரக் கோபுரம் என்று எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த எல்லையைத் தொட்ட பிறகு கூட்டுகிற ஒவ்வொரு அங்குலமும் வெளியேதான் போயாக வேண்டும். தடத்தின் நடு அரை அங்குலம் வெளியே நகரும். கிண்ணக் குழிவும் வேண்டுமென்றால் இன்னும் நகரும். அடுத்த வாரம் இரண்டு பேருமாக டேப் வைத்து அளந்தோம். முக்கால் அங்குலம் வெளியே போயிருந்தது. ஒரு கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அதுதான் என் கையை உதறியது.

இது போதாதென்று வளைவுகளில் இன்னொரு தொல்லை. முதல் தலைமுறை மஸ்டாங்கும் கமாரோவும் வளைவில் சாயும்போது, பாரம் ஏறுகிற வெளிப்பக்க முன்சக்கரத்தின் தலையும் வெளியே சாய்கிறது. அப்படி அமைத்ததில் தப்பில்லை. அன்றைய டயருக்கு ஆறு அங்குல உயரப் பக்கச்சுவர் இருந்தது, அது நெளிந்து கொடுத்துத் தடத்தைத் தரையோடு வைத்துக்கொள்ளும். இன்றைய 275/35 டயரின் சுவர் நாலு அங்குலம்கூட இல்லை; அது நெளியாது. விறைத்துக்கொண்டு வெளியோரத்தில் ஏறி நிற்கும். 275 என்று எழுதிய டயரில் வளைவில் பாடுபடுவது ஓரத்து இரண்டு விரற்கடைதான். மிச்சமெல்லாம் படத்துக்கு.

அன்றைய எஞ்சினியர்கள் என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள், மைக் பிடித்தவருக்குத்தான் காதில் விழவில்லை. 1969-ல் ஃபோர்டு, டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காக பாஸ் 302 மஸ்டாங்கைக் கொண்டுவந்தது. அதற்கு 7 அங்குல வீலில் F60-15 டயர். அந்தக் காலத்துக் கணக்குக்கு அது அகலம்தான். சோதித்துப் பார்த்தபோது டயரின் பிடிப்பை முன்பக்கத்து ஸ்பிரிங் கோபுரங்கள் தாங்கவில்லை. டயர் தரையை விடவில்லை, அதனால் தகரம் விட்டது. கோபுரங்களுக்கு முட்டுக்கொடுத்து வலுப்படுத்தினார்கள், மட்கார்டு விளிம்பை மாற்றினார்கள், பிறகுதான் அந்த டயரோடு வண்டி கடைக்கு வந்தது. அகல டயர் கிடைத்தபோது அவர்கள் அதை மாட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. மாட்டினார்கள். அதற்குக் கீழே இருந்ததையும் மாற்றினார்கள். இன்றைக்கு ஒரு சாதாரண 1969 மஸ்டாங்கில் அதைவிட இரண்டு அளவு அகலமான டயரை மாட்டிவிட்டு, கோபுரத்தை ஒரு பார்வைகூடப் பார்க்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரோல் ஷெல்பி இதற்கும் முந்தியவர். 1965-ல் மஸ்டாங்கை ஜிடி350 ஆக்கியபோது மேல் கன்ட்ரோல் ஆர்மைப் பொருத்தும் துளைகளை ஒரு அங்குலம் கீழே இறக்கித் துளைத்தார்கள். மேலே சொன்ன சாய்வுக் கோளாறுக்கு அதுதான் மருந்து. காசு செலவில்லாத மருந்து. டயரோ 7.75-15, இன்றைய கண்ணுக்கு ஒல்லிப்பிச்சான். பந்தயக்காரனின் மூளை போன வரிசை அது: முதலில் சக்கரம் எப்படி நிற்கிறது, அப்புறம் எவ்வளவு அகலம். ஷெவர்லே கையில் உண்மையிலேயே அகலமான ரேடியல் கிடைத்தபோது 1984 கார்வெட் வந்தது, 255/50 டயர், 16 அங்குல வீல். பழைய சட்டத்தில் அதை மாட்டவில்லை, சட்டம் முதல் சஸ்பென்ஷன் வரை புதிதாகச் செய்தார்கள். அப்படியும் இடுப்பு ஒடிகிறது என்று வாங்கியவர்கள் புலம்ப, அடுத்த வருடமே ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டிவந்தது.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்த சாமியார் கதை நமக்குத் தெரியும். பூனைக்குப் பால் வேண்டும், பாலுக்குப் பசு, பசுவுக்குப் புல், மேய்க்க ஒருத்தி, கடைசியில் சாமியார் சம்சாரி. பக்கத்து வீட்டுக்காரரின் பட்டியலைச் சொல்கிறேன். ஸ்டியரிங் கனத்ததால் மின்சார பவர் ஸ்டியரிங். அது வந்ததும் கை உதறல் குறைந்தது, சாலை என்ன சொல்கிறது என்ற உணர்வும் சேர்ந்து போனது. உரசலுக்காக மட்கார்டு விளிம்பை உள்ளே மடக்கினார். மடக்கிய இடத்தில் பெயின்ட் வெடித்தது, இரண்டு மட்கார்டுக்கும் பெயின்ட். வண்டி உயரமாகத் தெரிகிறது என்று ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினார். குட்டையாக்கியதும் மறுபடி உரசல். இப்போது முன்பக்கத்தையே தூக்கிவிட்டுப் புது சப்ஃப்ரேம் வைக்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் ஒரு கிண்ணக் குழிவுக்காக.

அகலச் சக்கரக்காரர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். 18 அங்குல வீல் போட்டால் பால் ஜாயின்ட்டும் டை ராடும் வீலின் குழிக்குள்ளேயே அடங்கிவிடும், டயரை உள்ளே தள்ளிக்கொள்ளலாம், கடப்பாறை நீளாது என்பார்கள். சரியான பதில், நேரே போகும்வரை. திருப்பினால் அந்த டயரின் உள்தோள் சட்டத்தில் முட்டும். அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா? ஸ்டியரிங் முழுதாக ஒடியாதபடி ஒரு தடுப்பு வைத்துவிடுவார்கள். பரிசு வாங்கிய கமாரோ மைதானத்தை விட்டுப் போனபோது பார்த்தேன். வுட்வர்டில் நேரே இடதுபக்கம் திரும்ப முடியாது; கொஞ்சம் தூரம் போய், நடுத்திட்டு இடைவெளியில் யூ-டர்ன் எடுத்துத்தான் வர வேண்டும். இந்த ஊர்க் கிழவிகளும் ஒரே மூச்சில் எடுக்கிற வளைவு அது. பரிசுக் கார் மூன்று லேன் தாண்டிப்போய் மறுகரை ஓரத்தைத் தொட்டு நிமிர்ந்தது. பின்னால் வந்த பிக்கப் ஹாரன் அடித்தது.

முன்பக்கத்தை முழுக்கப் புதிதாகச் செய்கிறவர்களை என்ன சொல்வாய் என்று கேட்பார்கள். சப்ஃப்ரேம், ரேக் ஸ்டியரிங், புது கன்ட்ரோல் ஆர்ம் எல்லாம் சேர்ந்து வேலையைச் சரியாகவே செய்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் கார் நன்றாகவே ஓடும். ஆனால் ஓடுவது கமாரோ இல்லை. கமாரோவின் கூரையும் கதவும் போர்த்திய வேறொரு கார். சஸ்பென்ஷனை மாற்றாவிட்டால் தப்பு, மாற்றினால் கமாரோ இல்லை என்றால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடியா என்று என் மனைவி கேட்டாள். ஆமாம், இடிதான். ஆறங்குலச் சுவருள்ள டயரும், அதற்கென்றே வளைத்த சஸ்பென்ஷனும், அந்த இரண்டையும் மீறுகிற எஞ்சினும் சேர்ந்துதான் அந்தக் கார். நாற்பது மைல் வேகத்திலேயே ‘இதோ வழுக்கப் போகிறேன்’ என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு வழுக்குகிற டயர் அது. அகல டயர் சொல்லாது. வாயை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டே போய், விடுகிறபோது ஒரே அடியாக விடும்; அப்போது வேகம் நாற்பதாக இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு கராஜில் ஜாக்கி ஏறிக்கொண்டிருந்தது. பழைய 14 அங்குல வீல்கள் நான்கையும் அவர் விற்கவில்லையாம், சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, பழையதை மாட்டி, ஐந்து நட்டையும் நட்சத்திர வரிசையில் முடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் கை வைக்கவில்லை, கிண்ணக் குழிவு அப்படியே இருந்தது. என்ன விசேஷம் என்றேன்.

“விசேஷம் ஒன்றும் இல்லை. காபி குடிக்கப் போகிறேன், கண்காட்சி அடுத்த மாதம்தானே” என்றார்.